முதலில் எட்டுப் பக்கம்

1972இல் ஆர்ட் ஸ்பீகல்மன் ஓர் அமெரிக்க காமிக்ஸ் இதழுக்கு மூன்று பக்கக் கதை ஒன்று வரைந்து கொடுத்தார். அதில் யூதர்கள் எலிகள், நாஜிகள் பூனைகள். எலித் தகப்பன் தன் பிள்ளையைத் தூங்கவைக்கப் போர்க்காலக் கதையைச் சொல்கிறான். தலைப்பு ‘மௌஸ்’. அதே தலைப்பில் புத்தகத்தின் முதல் பாகம் 1986இலும் இரண்டாம் பாகம் 1991இலும் வந்தன. 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. மூன்று பக்கம் முந்நூறு பக்கத்தை எட்ட இருபது ஆண்டு பிடித்திருக்கிறது. அந்த இருபது ஆண்டும் அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வரைந்துகொண்டிருக்கவில்லை. ஃபிரான்சுவாஸ் மூலியோடு சேர்ந்து நடத்திய ‘ரா’ இதழில் 1980 முதல் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டபடியே வந்தார். இதழுக்குள் செருகிய சிறு புத்தகமாகப் பல அத்தியாயங்கள் வாசகர் கைக்குப் போயின.

முதல் கிராஃபிக் நாவலை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு வழக்கமாக மூன்று விதமான பதில் கிடைக்கிறது. முதலில் ஓவியம் கற்றுக்கொள் என்பார் ஒருவர். முதலில் கதையை முழுசாக எழுதி முடி என்பார் இன்னொருவர். நல்ல டேப்லெட்டும் மென்பொருளும் வாங்கு என்பார் மூன்றாமவர். மூன்றுமே தேவைதான். ஆனால் முதல் முயற்சியைக் கவிழ்ப்பது இவற்றில் எதன் குறைவும் அல்ல, நீளம்தான் என்பது என் எண்ணம். இந்தக் கலையில் பேர்சொல்லும் முதல் நூல்கள் எப்படி உருவாயின என்று பார்த்தால், பெரும்பாலானவர்கள் நீளத்தை ஏதோ ஒரு வகையில் துண்டுபோட்டுத்தான் கடந்திருக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 150 பக்கம், பக்கத்துக்கு ஆறு கட்டம். மொத்தம் 900 படம். வேலைக்குப் போய்க்கொண்டே சனி ஞாயிறில் உட்காருகிறவர் வாரம் ஒரு பக்கம் முடித்தால் மூன்று ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். நாயகியின் முகம் பாதிக் கட்டங்களில் வந்தாலும் அதை 450 முறை வரைய வேண்டும். ஒவ்வொரு முறையும் அது அவள் முகமாகவே இருக்க வேண்டும். நாற்பதாம் பக்கம் வரும்போது கை தேறியிருக்கும்; முதல் பத்துப் பக்கம் கண்ணை உறுத்தும். திரும்பப் போய் அவற்றைத் திருத்த உட்காருகிறவர் ஐம்பதாம் பக்கத்தைப் பார்ப்பதில்லை. எழுதுகிற நாவலில் பழைய அத்தியாயத்தை ஓர் இரவில் மாற்றி எழுதிவிடலாம். வரைந்த அத்தியாயத்தை மாற்ற இன்னொரு கோடைக்காலம் வேண்டும்.

இந்த வடிவத்துக்குப் பேர் வாங்கித் தந்த புத்தகமே இந்தக் கணக்கைச் சாமர்த்தியமாகத் தாண்டியிருக்கிறது. வில் ஐஸ்னர் ‘எ கான்ட்ராக்ட் வித் காட்’ நூலை 1978இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 61. 1930களிலிருந்து காமிக்ஸ் வரைந்தவர், ‘ஸ்பிரிட்’ தொடரை ஆண்டுக்கணக்கில் நடத்தியவர். அட்டையில் கிராஃபிக் நாவல் என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பவை நான்கு தனிக்கதைகள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிராப்சி அவென்யூ என்ற கற்பனைத் தெரு, அங்கே ஏழை யூதர்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு குடியிருப்பு. இடம் ஒன்றாக இருப்பதால் நான்கும் ஒரே புத்தகமாக நிற்கின்றன. நாற்பது ஆண்டு கைத்தேர்ச்சி உள்ளவரே இப்படித் தொடங்கியிருக்கிறார். ஏழு தலைமுறைக் காவியத்தோடு தொடங்குகிற புதியவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

கிறிஸ் வேரின் ‘ஜிம்மி கோரிகன்’ சிகாகோவின் ‘நியூசிட்டி’ வாரப் பத்திரிகையில் வந்த தொடர். 2000இல் புத்தகமாகி, மறு ஆண்டு முதல் நூலுக்கான கார்டியன் விருதை வாங்கியது. ஜோ சாக்கோவின் ‘பாலஸ்தீன்’ முதலில் ஒன்பது மெல்லிய இதழ்களாக வந்தது. மர்ஜான் சத்ரபியின் ‘பெர்சபொலிஸ்’ 2000 முதல் 2003 வரை நான்கு சிறு பாகங்களாகப் பிரான்சில் வெளியானது. ரெய்னா டெல்கெமியரின் ‘ஸ்மைல்’ வாரம் ஒரு பக்கம் இணையத்தில் வெளியிடும் முயற்சியாகத் தொடங்கிப் பிறகு நூலானது. இந்தியாவின் முதல் கிராஃபிக் நாவல் என்று பலரும் குறிப்பிடுகிற ஒரிஜித் சென்னின் ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ 1994இல் நர்மதை அணைப் போராட்டத்தைப் பேச வந்தது. அது மெலிந்த புத்தகம்தான். விதிவிலக்குகளும் உண்டு. ஷான் டேனின் சொல்லே இல்லாத ‘தி அரைவல்’ நாலைந்து ஆண்டு உழைப்பில் ஒரே நூலாக வந்தது. ஆனால் அதற்கு முன் அவர் பல சிறுவர் படநூல்களை முடித்துக் கொடுத்திருந்தார்.

ஓவியத் திறமை பற்றிய கவலையையும் இந்த வழியிலேயே அணுகலாம். சத்ரபியின் கோடு எளிமையானது: கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல் நிறம்கூடக் கிடையாது. நிழல் இருக்க வேண்டிய இடம் முழுக்கக் கறுப்பு. தெஹ்ரானில் குண்டு விழுகிறது, பெண்கள் முக்காட்டோடு வரிசையாக நிற்கிறார்கள், ஒரு சிறுமி கடவுளோடு சண்டை போடுகிறாள். அத்தனையையும் அந்தக் கோடு தாங்குகிறது. ஸ்பீகல்மன் எலிகளின் முகத்தில் இரண்டு புள்ளியும் ஒரு முக்கோணமும் தவிர வேறொன்றும் வைக்கவில்லை. அச்சில் வரப்போகும் அளவிலேயே, மசிப்பேனாவால் வரைந்தார். பெரிதாக வரைந்து சுருக்கினால் கோடு மெருகேறும் என்பது தொழில் வழக்கம். அந்த மெருகு தனக்கு வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார். நாட்குறிப்பைப் படிப்பதுபோல் இருக்க வேண்டும் என்பது நோக்கம். ஆகவே ‘நன்றாக வரைவேனா’ என்று கேட்டுக்கொள்வதைவிட, இந்தக் கோட்டை நானூறு முறை அலுக்காமல், மாறாமல் போட முடியுமா என்று கேட்டுக்கொள்வது பயன் தரும். நுணுக்கமாக நிழல் போட்ட ஒற்றைப் படம் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். அதே நிழலை 900 முறை போட முடியாது.

மறுதரப்பையும் சொல்ல வேண்டும். அலிசன் பெக்டெல் ‘ஃபன் ஹோம்’ நூலுக்கு ஏழு ஆண்டு எடுத்துக்கொண்டார். அதில் வரும் மனித உருவங்களுக்கெல்லாம் தானே நின்று புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைந்தார். அப்பாவாகவும் அம்மாவாகவும் சிறுமியாகவும் அவரே. 2006இல் நூல் வந்தபோது அதன் துல்லியம் பேசப்பட்டது. ஆனால் அது அவருடைய முதல் படக்கதை அல்ல. 1983 முதல் பத்திரிகைகளுக்குத் தொடர் ஒன்றை வரைந்து பழகிய கை அது. முதல் நூலிலேயே பெக்டெலின் முறையைப் பின்பற்றுவது வீட்டில் உள்ள எல்லாருடைய பொறுமையையும் சோதிக்கும்.

கதை முதலா, படம் முதலா என்ற வழக்குக்கும் தீர்ப்பு கிடையாது. ஆலன் மூர் ஒவ்வொரு கட்டத்தையும் பத்தி பத்தியாக விவரித்து ஓவியர் கையில் கொடுத்துவந்தார். ‘வாட்ச்மென்’ அப்படி எழுதப்பட்டு டேவ் கிப்பன்ஸ் வரைந்தது. மார்வெலில் நெடுங்காலம் தலைகீழ் வழக்கம்: கதைச் சுருக்கத்தை வைத்து ஓவியர் பக்கங்களை வரைந்துவிடுவார், வசனம் பிறகு வரும். பெக்டெல் கணினியில் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து முதலில் வாசகத்தை நிரப்பினார், படம் அதற்கப்புறம். தனியாளாக எழுதி வரைபவருக்கு இவற்றைவிடப் பொருத்தமானது ஜப்பானிய மங்கா ஓவியர்களின் பழக்கம். அவர்கள் முழுக்கதையையும் குச்சி மனிதர்களாக, வசனத்தோடு, கட்டம் பிரித்து மளமளவென்று கிறுக்கிவிடுகிறார்கள். பதிப்பாசிரியர் அதைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் நல்ல தாளைத் தொடுவார்கள். நம் ஊரில் இதைத் தம்ப்நெயில் என்கிறார்கள். பக்கம் ஒன்று தீப்பெட்டி அளவு இருந்தால் போதும். அந்த அளவில் ஓவியம் அழகாக வரவே வராது, அதனால் அழகு பற்றிய கவலை ஒழிகிறது. எது எங்கே நிற்கிறது, எந்தக் கட்டம் பெரிது, எங்கே பேச்சு நிற்கிறது என்பது மட்டும் கண்ணில் படும். இருபது பக்கத் தம்ப்நெயிலை ஒரு நண்பரிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே பின்னோக்கிப் புரட்டுகிறாரோ அங்கே பிழை.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில்தான் இந்தக் கலை நடக்கிறது என்று ஸ்காட் மெக்லவுட் 1993இல் ஒரு முழுப் புத்தகமே வரைந்து காட்டினார். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போவதில் ஆறு வகை உண்டு என்று பிரித்தார்: கணத்திலிருந்து கணம், செயலிலிருந்து செயல், ஆளிலிருந்து ஆள், காட்சியிலிருந்து காட்சி, ஒரே சூழலின் வெவ்வேறு முகங்கள், தொடர்பே இல்லாத தாவல். அமெரிக்க காமிக்ஸில் செயலிலிருந்து செயலுக்குப் போவதே பெரும்பான்மை, ஜப்பானியர்கள் சூழலில் தங்கி நிற்பார்கள் என்பதும் அவர் கவனிப்பு. புதியவர் ஆறையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் தன் தம்ப்நெயிலில் எல்லாத் தாவலும் ஒரே வகையாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால், கதை ஏன் மூச்சுவாங்குகிறது என்பது விளங்கும். மெக்லவுடே 1990இல் 24 மணி நேரத்தில் 24 பக்கம் முடிக்கும் ஒரு பந்தயத்தையும் கண்டுபிடித்தார். அதில் நல்ல கதை பிறக்கிறதோ இல்லையோ, ‘முடிந்தது’ என்று ஒன்றைக் கையில் வைத்திருக்கும் பழக்கம் பிறக்கிறது.

அந்தப் பழக்கத்துக்கு எட்டுப் பக்கம் சரியான அளவு என்று நினைக்கிறேன். ஒரு தாளை மடித்தால் கிடைத்துவிடும். சொந்தக் கதை கைவசம் இல்லையென்றால் தமிழில் கடன் வாங்க நல்ல கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு கழிந்தால் இந்தியாவில் பதிப்புரிமை தீர்கிறது. புதுமைப்பித்தன் மறைந்தது 1948இல், அவர் கதைகளை யாரும் வரையலாம்.

‘பொன்னகர’த்தை எடுத்துக்கொள்வோம். நகரத்தின் ஒரு சேரிச் சந்து. மில்லில் வேலை செய்யும் அம்மாளு, ஜட்கா ஓட்டும் கணவன் முருகேசன். அவன் குடித்துவிட்டு வண்டியை விரட்டி அடிபட்டுக் கிடக்கிறான், பால்கஞ்சி கேட்கிறான், வீட்டில் காசில்லை. இருட்டுச் சந்தில் அவள் முக்கால் ரூபாய் சம்பாதித்து வருகிறாள். இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும் கதை. எட்டுப் பக்கத்துக்குக் கச்சிதம் என்று தோன்றும். உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். அந்தக் கதையின் உயிர் கதைசொல்லியின் நக்கலில் இருக்கிறது. சம்பவத்தை மட்டும் வரைந்தால் மிஞ்சுவது ஒரு சோகப் படம். நக்கலை அப்படியே வாசகப் பெட்டிகளில் எழுதி நிரப்பினால் படத்துக்கு வேலையில்லை. ஒரு வழி: ஊர்ப் பெருமையை மெச்சும் தொனியை வாசகப் பெட்டிக்கும், சாக்கடையையும் குழாயடிக் கூட்டத்தையும் படத்துக்கும் பிரித்துக் கொடுப்பது. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கும்போது புதுமைப்பித்தனின் குரல் வேறொரு வழியில் உள்ளே வருகிறது.

அடுத்த முடிவு பக்கத்தைப் பற்றியது. எட்டுப் பக்கச் சிறுநூலில் முதல் பக்கம் தனியாக நிற்கும். 2-3, 4-5, 6-7 ஆகியவை எதிரெதிராக ஒரே பார்வையில் விழும். எட்டாம் பக்கம் புரட்டினால்தான் தெரியும். ஆகவே சந்தின் இருட்டு 6-7இல், உள்ளங்கையில் காசு எட்டில். இதையே 6இல் இருட்டும் 7இல் காசுமாக வைத்தால் வாசகன் கண் இருட்டைப் படிக்கும் முன்பே காசுக்கு ஓடிவிடும். கதைசொல்லி கடைசியில் வாசகனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை எட்டாம் பக்கத்தில் எழுதுவதா, விடுவதா? நான் விட்டுவிடுவேன். மறுத்து வாதாட நியாயம் இருக்கிறது என்பதும் தெரியும்.

தமிழில் எழுத்தைப் பதிப்பது தனிப் பாடு. வெளிநாட்டுக் கையேடுகள் எதிலும் இது இருக்காது. ஜப்பானில் வசனம் மேலிருந்து கீழாக ஓடுவதால் அங்கே பலூன் உயரமாக, ஒடுக்கமாக இருக்கும். அதைப் பார்த்து வரையப் பழகியவர்கள் தமிழ் வசனத்தையும் அதே வடிவத்தில் திணிக்கிறார்கள். ‘போய்க்கொண்டிருக்கிறார்களாமே’ என்ற ஒரே சொல் மூன்றாக உடைந்து தொங்குகிறது. தமிழுக்குப் பலூன் அகலமாக வேண்டும். கி, கீ மேலே கொக்கி போடும். கு, மூ கீழே இறங்கும். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும். பேச்சுத் தமிழ் இங்கே பெரிய உதவி: ‘போறாங்களாம்’ என்றால் பாதி இடத்தில் முடிந்தது. கட்டத்தை வரைவதற்கு முன்பே வசனத்தை எழுதி, பலூனுக்கு இடம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் ஆட்களை நிறுத்துவதுதான் முறை. வரைந்து முடித்த பிறகு பலூன் வைக்க இடம் தேடுகிறவர் கடைசியில் ஏதாவது ஒரு தலையைத்தான் மறைப்பார். சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பிறமொழிக் கதைகள். வேற்றுமொழிக்கு அளவெடுத்த பலூனுக்குள் தமிழை உட்கார வைப்பதே அங்கே அன்றாட வேலை. இரும்புக்கை மாயாவியையோ டெக்ஸ் வில்லரையோ கையில் எடுத்து வசனத்தை மட்டும் கவனித்துப் படித்தாலே பாதிப் பாடம்.

பலூன் வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2011இல் நவயானா வெளியிட்ட ‘பீமாயணம்’ அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்கிறது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க அவர்களுக்கு மனமில்லை. கட்டங்களுக்குப் பதில் தங்கள் சுவர்க்கோலங்களின் வளைவுகளால் பக்கத்தைப் பிரித்தார்கள். கனிந்த பேச்சுக்குப் பறவை வடிவப் பலூன், சாதி விஷம் கக்கும் பேச்சுக்குத் தேள்கொடுக்கு வால். சென்னை தாரா பதிப்பகத்தின் ‘சீதாஸ் ராமாயணா’வில் மொய்னா சித்ரகர் வங்காளத்துப் பட்டுவா சுருளோவிய மரபிலிருந்து வந்தார். காமிக்ஸ் படித்து வளராதவர்கள் செய்த நூல்கள் காமிக்ஸ் படித்தவர்களுக்கே பாடமாயின. கிராமத்துத் தெருக்கூத்தையோ தோற்பாவையையோ கூர்ந்து பார்த்த ஒருவர் தமிழில் இப்படி ஒன்றைத் தொடங்க என்ன தடை என்று எனக்குத் தெரியவில்லை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கார்ட்ரிட்ஜ் தாள், நல்ல கறுப்பு மை, ஒரு தூரிகை, ஒரு தொட்டெழுதும் பேனா, ஸ்கேனர். கணினியில் வரைவதென்றால் கிரிட்டா இலவசம். கோட்டுப் படத்தை 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்ய வேண்டும், விளிம்பு வரை போகும் படத்துக்கு வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும். தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். ஒரு பக்கத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் முழு நூலையும் அதில் ஏற்ற வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களைக் கோத்துப் புத்தகம் செய்துவிடலாமே என்கிறவர்களும் இப்போது உண்டு. 2023இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ‘ஜாரியா ஆஃப் தி டான்’ என்ற காமிக்ஸ் விவகாரத்தில் எழுத்துக்கும் தொகுப்பு அமைப்புக்கும் உரிமை உண்டு, மென்பொருள் உருவாக்கிய படங்களுக்கு இல்லை என்று தீர்மானித்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கை வலிக்கக் கோடு போடும்போதுதான் எந்தக் கட்டம் தேவையில்லை என்று தெரிகிறது.

உண்மை வாழ்க்கையைச் சொல்ல வருகிறவர்களுக்கு இன்னொரு சுமை உண்டு. எழுத்தாளர் ‘ஒரு சோதனைச்சாவடி’ என்று எழுதிவிட்டு நகரலாம். வரைபவர் அங்கே நிற்பவனின் துப்பாக்கி எது, கம்பிவேலி எப்படி, சீருடையில் பை எத்தனை என்று அறிந்தாக வேண்டும். பெஞ்சமின் டிக்ஸ் இலங்கையின் வன்னியில் ஐ.நா. பணியாளராக இருந்தவர். இறுதிப்போரில் சிக்கிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையாக லிண்ட்சே பொல்லக்கின் ஓவியங்களோடு ‘வன்னி’ நூலை 2019இல் வெளியிட்டார். தப்பி வந்தவர்களின் வாய்மொழியிலிருந்து கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கட்டினார். சாட்சி சொன்னவர்களின் முகம் வெளியே தெரியாமல் காப்பாற்ற வரைகோடு உதவுகிறது. காமிராவால் அது முடியாது. ஈழத்தில் அதை வாழ்ந்தவர்களின் கையாலேயே இத்தகைய நூல்கள் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. அவர்களில் ஒருவர் நாளை தொடங்குவதானால், மொத்தப் போரையும் தோளில் ஏற்றிக்கொள்ளாமல் ஒரு பதுங்குகுழியில் கழிந்த ஓர் இரவிலிருந்து தொடங்கலாம்.

பிரசுரம் என்று வரும்போது சென்னையில் பிளாஃப்ட் போன்ற சிறு பதிப்பகம் 2009இலேயே அப்புபெனின் ‘மூன்வார்ட்’ நூலை வெளியிட்டு, பின்னாளில் ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ நூலையும் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. அவை ஆங்கிலப் புத்தகங்கள். தமிழில் நேரடியாக எழுதி வரையப்பட்ட கிராஃபிக் நாவலுக்குச் சந்தை இன்னும் மெலிதுதான். ஆனாலும் எந்தப் பதிப்பாளரிடம் போனாலும் முழுநூலையும் முடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. முடிந்த ஓர் அத்தியாயம், மீதிக்குத் தம்ப்நெயில், ஒரு பக்கத்தில் கதைச்சுருக்கம் இருந்தால் போதும். பக்க எண்ணிக்கையைப் பதினாறின் மடங்காக வைத்துக்கொண்டால் அச்சகத்தில் காகிதம் வீணாகாது.

எழுதுபவர் ஒருவர், வரைபவர் ஒருவர் என்றால் பேச்சுவார்த்தையை முதல் பக்கத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பொதுவாக எழுத்துக்கு எழுத்தாளரும் படத்துக்கு ஓவியரும் தனித்தனி உரிமையாளர்கள். வரைவதற்கு எழுதுவதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகும் என்பதால் பாதிப் பாதி என்பது பல நேரம் ஓவியருக்கு நட்டம். உரிமையை எழுத்தில், கையொப்பத்தோடுதான் மாற்றிக் கொடுக்க முடியும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் அது ஐந்தாண்டுக்கு, இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றே கொள்ளப்படும். மொழிபெயர்ப்பு, திரைப்படம், இணையம் ஆகிய மூன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லிக் கேளுங்கள்.